ஸ்டீயரிங் நேரானால் போதுமா? பள்ளத்தில் மோதிய காரும் சக்கரங்களின் கோணக் கணக்கும்

மழைக்காலம். தானேயிலிருந்து நாசிக் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு குடும்பம் தன் சிறிய காரில் பயணம் செய்வதாக வைத்துக்கொள்வோம். சாலையின் இடப்புற ஓரத்தில் நீர் தேங்கிய பள்ளம். அதன் ஆழம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடது முன்சக்கரம் அதில் விழுந்து, பெரும் ஓசையுடன் மேலெழுகிறது. இறங்கிப் பார்த்தால் டயரில் காற்று இருக்கிறது. எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு, நேராகச் செல்லும்போதுகூட ஸ்டீயரிங் சற்றுக் கோணலாக நிற்கிறது. பிடியைத் தளர்த்தினால் கார் இடப்புறம் இழுக்கிறது.

வீடு திரும்பியதும் அருகிலுள்ள டயர் கடையில் ‘வீல் அலைன்மென்ட்’ செய்கிறார்கள். அரைமணி நேர வேலை. சில நூறு ரூபாய்ச் செலவு. ஸ்டீயரிங் நேராகிவிட்டது. குறை தீர்ந்தது என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். சில மாதங்களுக்குப் பின், இடது முன்டயரின் வெளிவிளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருப்பதைக் காண்கிறார்கள். கார் இன்னும் இடப்புறமே இழுக்கிறது.

அந்த அரைமணி நேரத்தில் விடுபட்டது என்ன? இக்கட்டுரையில் நாம் கற்கப்போவது அதைத்தான். சுருங்கச் சொன்னால், அலைன்மென்ட் என்பது முதலில் ஓர் அளவீடு. அதன் பின்னரே சரிசெய்தல். வளைந்த உறுப்பை அப்படியே விட்டுவிட்டு அளவை மட்டும் திருத்துவது, காய்ச்சலின் காரணத்தை ஆராயாமல் உடற்சூட்டை மட்டும் தணிப்பதைப் போன்றது.

மூன்று கோணங்கள்

சக்கரம் சாலையில் எவ்வாறு நிற்கிறது என்பதை மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன. அவை டிகிரியிலும், டிகிரியின் அறுபதில் ஒரு பங்காகிய மினிட்டிலும் அளக்கப்படுகின்றன.

முதலாவது கேம்பர். காரை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருக்கும் அளவு இது. சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்தால் நேர்மறை. உட்புறம் சாய்ந்தால் எதிர்மறை. கேம்பர் அளவுக்கு மீறி நேர்மறையானால் டயரின் வெளிவிளிம்பும், எதிர்மறையானால் உள்விளிம்பும் தேயும்.

இரண்டாவது காஸ்டர். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சின் சாய்வைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து அளப்பது இது. அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான், வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாகவே நேர்நிலைக்கு மீள்கிறது. இருபுறமும் காஸ்டர் வேறுபட்டால், அது குறைவாக உள்ள பக்கம் கார் இழுக்கும்.

மூன்றாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியுள்ளனவா, விலகியுள்ளனவா என்பதை இது காட்டும். டயரை மிக விரைவில் தின்பது டோ பிழையே. ஒரு சக்கரம் தான் செல்லும் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் ஏறத்தாழ 8.7 மீட்டர் தொலைவு அது பக்கவாட்டில் உரசுகிறது. ஆயிரம் கிலோமீட்டரில் அது 8.7 கிலோமீட்டர் ஆகிறது. இத்தகைய டயரின் மீது கையைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்படும்.

கடைக்காரர் எதைத் திருத்த முடியும்?

இன்று நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்களைத் தாங்குவது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பு, 1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்றது. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ-20, டாடா டியாகோ ஆகியவற்றிலும் முன்புறம் இதுவே உள்ளது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் இணைந்த ஸ்ட்ரட் மேற்புறத்தைத் தாங்கும். லோயர் ஆர்ம் என்னும் உலோகக் கை கீழ்ப்புறத்தைப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நக்கிள் என்னும் உறுப்பில் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது டை ராடு.

இந்த அமைப்புள்ள பல கார்களில், டை ராடின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ டோ கோணத்தை மட்டுமே மாற்ற முடியும். கேம்பரும் காஸ்டரும் தொழிற்சாலையிலேயே வகுக்கப்பட்டவை. அவற்றைத் திருத்துவதற்கென்று திருகு ஏதும் கிடையாது. சில வகைக் கார்களில் மட்டும் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பரைச் சிறிதளவு மாற்றலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. மாற்ற முடியாத ஒரு கோணம் மாறியிருக்கிறது என்றால், ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. டை ராடைத் திருகி அதைக் குணப்படுத்த இயலாது. நம் எடுத்துக்காட்டில், கடைக்காரர் டோவைத் திருத்தி ஸ்டீயரிங்கை நேராக்கினார். கேம்பரும் காஸ்டரும் பிழையாகவே நின்றன. ஸ்டீயரிங் நேராவது வேறு. சக்கரம் நேராவது வேறு.

அளவுத்தாளை வாசிக்கும் முறை

கணினி வழி அளக்கும் நிலையங்களில், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை ஒரே தாளில் அச்சிட்டுத் தர முடியும். அத்தாளில் பச்சை நிறம் எல்லைக்குள் இருப்பதையும் சிவப்பு நிறம் எல்லை மீறியதையும் குறிப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டுக் காருக்குத் தயாரிப்பு நிறுவனம் விதித்த எல்லை, கேம்பருக்கு எதிர்மறை 1 டிகிரி முதல் நேர்மறை 1 டிகிரி வரை என்றும், காஸ்டருக்கு 2 முதல் 4 டிகிரி வரை என்றும் கொள்வோம். திருத்தத்துக்கு முன் எடுத்த அளவுகள் இவை:

வலது முன்சக்கரம்: கேம்பர் எதிர்மறை 10 மினிட், காஸ்டர் 3 டிகிரி 5 மினிட், ஸ்டீயரிங் அச்சின் உட்சாய்வு 12 டிகிரி 30 மினிட்.

இடது முன்சக்கரம்: கேம்பர் நேர்மறை 1 டிகிரி 20 மினிட், காஸ்டர் 1 டிகிரி 40 மினிட், ஸ்டீயரிங் அச்சின் உட்சாய்வு 11 டிகிரி.

இங்கு நான்காவதாக ஓர் அளவு வந்திருப்பதைக் காண்க. சக்கரம் திரும்பும் அச்சை முன்னிருந்து பார்க்கும்போது, அதன் மேல்முனை உட்புறமாக எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதே அச்சின் உட்சாய்வு. அதனுடன் கேம்பரைக் கூட்டினால் கிடைப்பது, நக்கிளும் ஸ்ட்ரட்டும் வளையாத வரை மாறாத ஒரு தொகை.

வலப்புறம், 12 டிகிரி 30 மினிட்டிலிருந்து 10 மினிட்டைக் கழித்தால் 12 டிகிரி 20 மினிட். இடப்புறம், 11 டிகிரியுடன் 1 டிகிரி 20 மினிட்டைக் கூட்டினால் அதே 12 டிகிரி 20 மினிட். இரு தொகைகளும் சமம். எனவே நக்கிளும் ஸ்ட்ரட்டும் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கின்றன. ஆனால் இடப்புறத்தில் அச்சின் சாய்வு குறைந்து, கேம்பர் அதே அளவு கூடியிருக்கிறது, காஸ்டரும் குறைந்திருக்கிறது. அச்சின் கீழ்முனை உட்புறமாகவும் பின்புறமாகவும் தள்ளப்பட்டால்தான் இவ்வாறு நிகழும். கீழ்முனையைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். ஆகவே முதலில் ஆராய வேண்டியது அதையும், அது பொருத்தப்பட்டுள்ள சட்டத்தையுமே.

மாறாக, அச்சின் சாய்வு இருபுறமும் சமமாக இருந்து, கேம்பரும் கூட்டுத்தொகையும் மட்டும் ஒருபுறம் மாறியிருந்தால், ஐயம் ஸ்ட்ரட்டின் மீதும் நக்கிளின் மீதும் திரும்ப வேண்டும். எந்த உறுப்பைப் பிரிப்பது என்பதை, பிரிப்பதற்கு முன்பே இந்தச் சிறு கணக்குச் சுட்டிவிடுகிறது. தேவையற்ற உதிரிப்பாகச் செலவையும் தவிர்க்கிறது.

ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். காஸ்டரையும் அச்சின் சாய்வையும் அறிய, சக்கரங்களைச் சுழல்தட்டின் மேல் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் குறிப்பிட்ட அளவு திருப்பி அளக்க வேண்டும். அவசர வேலையில் இந்தப் படி விடுபட்டுவிடும். அளவுத்தாளில் காஸ்டருக்குரிய இடம் வெறுமையாக இருந்தால், அந்த அளவீடு நடைபெறவில்லை என்று பொருள்.

மோதிய அன்று செய்ய வேண்டியவை

பலமான மோதலுக்குப் பின் பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, டயரின் பக்கச்சுவர். அதில் கொப்புளம் போன்ற வீக்கம் தெரிந்தால் உள்ளிழைகள் அறுந்துள்ளன. அந்த டயர் எந்நேரமும் வெடிக்கலாம். இரண்டாவது, ரிம்மின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். மூன்றாவது, சக்கரத்துக்கும் அதைச் சூழ்ந்த மட்கார்டு வளைவுக்கும் உள்ள இடைவெளி. முன்னும் பின்னும் விரல்களால் அளந்து, மறுபுறச் சக்கரத்தோடு ஒப்பிட்டால், சக்கரம் பின்னோக்கி நகர்ந்திருப்பது தெரிந்துவிடும். நான்காவது, ஷாக் அப்சார்பரிலிருந்தோ பிரேக் குழாயிலிருந்தோ கசிவு உள்ளதா என்பது.

சக்கரம் நகர்ந்திருந்தாலோ, திருப்பும்போது உரசல் கேட்டாலோ, பிரேக் எண்ணெய் கசிந்தாலோ காரை ஓட்டிச் செல்லலாகாது. இழுவை வண்டியை அழைப்பதே முறை. லோயர் ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயின்ட் பழுதுபட்டுக் கழன்றால், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். அந்நிலையில் ஸ்டீயரிங் எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை.

வேகம் கூடும்போது மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால், அது பெரும்பாலும் ரிம் நெளிந்ததாலோ சக்கரத்தின் எடைச் சமநிலை குலைந்ததாலோ வருவது. அதற்குத் தீர்வு பேலன்சிங்கும் ரிம் சோதனையும், அலைன்மென்ட் அன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்காக மற்றொன்றைச் செய்வது வீண்செலவு.

பழுது நீக்கும் ஒழுங்கு

முதற்படி சோதனை. காரை லிஃப்டில் உயர்த்தி, லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ்கள், பால் ஜாயின்ட், டை ராடு, அதன் முனை, ஸ்ட்ரட், அதன் மேற்தாங்கி, வீல் பேரிங், இவையனைத்தையும் தாங்கும் சப்ஃபிரேம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். பழுதுபட்ட பக்கத்தை நல்ல பக்கத்தோடு ஒப்பிடுவது எளிய முறை.

இரண்டாம் படி மாற்றீடு. வளைந்த லோயர் ஆர்ம், டை ராடு, நக்கிள் ஆகியவற்றைச் சூடேற்றியோ சுத்தியால் அடித்தோ நிமிர்த்துவதாகச் சிலர் சொல்லக்கூடும். அதை ஏற்கலாகாது. ஒருமுறை வளைந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சூடேற்றினால் அதன் வலிமையும் மாறும். மீதமாகும் தொகை சிறிது. விலையாக வைப்பது பயணம் செய்வோரின் உயிர்.

மூன்றாம் படி முறுக்குதல். இதை நல்ல மெக்கானிக்குகள் அறிவார்கள். ஆயினும் நாம் நினைவூட்டுவதில் தவறில்லை. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களைத் தாங்கும் போல்ட்டுகளை, காரின் எடை சக்கரங்களின் மீது அமர்ந்த நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், கார் தரையிறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

நான்காம் படியே அலைன்மென்ட். அதற்கு முன் நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். மூட்டுகளில் ஆட்டம் இருத்தல் கூடாது. டிக்கியில் வழக்கத்துக்கு மாறான சுமை இருத்தல் கூடாது. அளவிடும்போது பின்சக்கரங்களையும் சேர்த்தே அளக்க வேண்டும். பின் அச்சு ஒருபுறம் திரும்பியிருந்தால், முன்சக்கரங்களை எவ்வளவு திருத்தினாலும் கார் நண்டைப் போலச் சற்றுக் குறுக்காகவே ஓடும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில், வேலை முடிந்தபின் ஸ்டீயரிங் கோண உணரியைப் பூஜ்ய நிலையில் அமைக்க வேண்டியிருக்கும். அதையும் கேட்டு உறுதிசெய்துகொள்க.

இறுதியாக, மட்டமான நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்குப் பின் டயர்களைத் தடவிப் பார்ப்பதும், போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதிக்கச் செய்வதும் நன்று. டயரின் பள்ளங்களுக்கிடையே உள்ள தேய்மானக் குறிமேடு 1.6 மில்லிமீட்டர் உயரமுடையது. டயரின் எந்தப் பகுதியாவது அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், மற்ற பகுதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

காப்பீட்டுக் கணக்கு

பள்ளத்தில் மோதியதால் சஸ்பென்ஷன் வளைவது, முழுமைக் காப்பீட்டின் ‘சொந்தச் சேதம்’ என்னும் பிரிவில் அடங்கும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு இது கிடைக்காது. இழப்பீடு கோருவதாயின், உறுப்புகளைப் பிரிப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, நிழற்படங்களும் எடுத்துவைக்க வேண்டும். பழுதுடன் பல மாதங்கள் ஓட்டிய பின் கேட்டால், டயர்த் தேய்மானத்தையும் பின்விளைவுச் சேதத்தையும் காப்பீடு ஏற்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,200 சி.சி. இயந்திரம் கொண்ட, மூன்றரை ஆண்டு பழைய கார். உலோக உறுப்புகள் ரூ. 5,000, ரப்பர் உறுப்புகள் ரூ. 600, கூலியும் அலைன்மென்ட்டும் ரூ. 2,400, வீங்கிய டயருக்கு மாற்று ரூ. 5,000. மொத்தம் ரூ. 13,000. இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள்.

பூஜ்யத் தேய்மான இணைப்பு இல்லாத வழக்கமான பாலிசியில், மூன்று முதல் நான்கு ஆண்டு வரையிலான காரின் உலோக உறுப்புகளுக்கு 25 சதவீதமும் ரப்பருக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். காருக்கும் அதே நேரத்தில் சேதம் ஏற்பட்டிருந்தால் மட்டுமே டயருக்கு இழப்பீடு உண்டு. அதுவும் பாதி விலைதான். எனவே ரூ. 3,750, ரூ. 300, ரூ. 2,400, ரூ. 2,500 எனக் கூடி ரூ. 8,950 ஆகிறது. 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கான கட்டாயக் கழிவு ரூ. 1,000 போக, கிடைப்பது ரூ. 7,950.

இனி மறுபக்கம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் முறையே 20, 25, 35, 45, 50 சதவீதத் தள்ளுபடி வளர்கிறது. இந்தக் குடும்பம் இப்போது 35 சதவீதத்தில் உள்ளது. கோரிக்கை வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், வைத்தால் பூஜ்யம். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் ரூ. 6,000 என்றும், அது மாறாமல் இருக்கிறது என்றும், பின்னர் வேறு கோரிக்கை எதுவும் எழவில்லை என்றும் கொண்டால், அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் ஏற்படும் இழப்பு ரூ. 2,700, 1,800, 1,500, 900, 300. மொத்தம் ரூ. 7,200.

ஆகவே டயரும் பழுதான நிலையில் கோருவதால் வரும் ஆதாயம் வெறும் ரூ. 750. டயர் தப்பியிருந்தால் கிடைப்பது ரூ. 5,450 மட்டுமே, அப்போது கோரிக்கை நமக்கு நட்டமாகவே முடியும். மாறாக, சப்ஃபிரேமும் நகர்ந்து செலவு பல மடங்கு உயர்ந்தால், கோருவதே அறிவுடைமை. எனவே முதலில் எழுத்து வடிவில் மதிப்பீடு பெறுக. உங்கள் பாலிசியின் இணைப்புகளைப் படித்து, இவ்வாறு கணக்கிட்டு, தாமதமின்றி முடிவெடுக்க.

ஒரு தாளின் மதிப்பு

கார் வாங்கக் கடன் பெற்ற நம் வாடிக்கையாளர்களில் பலர், ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தவணை செலுத்துகிறார்கள். அத்தனை ஆண்டுகளும் அந்தக் கார் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுசெல்ல வேண்டும். தவணைக்கு மேல் வீண்செலவும் வைக்கக் கூடாது. அதற்கு நாம் பட்டறைத் தொழிலைக் கற்க வேண்டியதில்லை. பலமான மோதலுக்குப் பின், “முதலில் அளந்து காட்டுங்கள், வளைந்ததை மாற்றுங்கள், பிறகு மீண்டும் அளந்து காட்டுங்கள்” என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

முன்னளவும் பின்னளவும் அச்சிட்ட அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, காப்பீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைப்போம். அடுத்த முறை கார் ஒருபுறம் இழுத்தால், எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாள் சொல்லும்.